எதிர்த்தரப்பில் இல்லாத பெயர்

திண்டிவனம் நீதிமன்றத்துக்கு எதிர்வரிசையில் எலிசா ஒரு ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தாள். பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், வரப்புத் தகராறு என்று அந்த வட்டாரத்து வழக்குகளில் பாதி அவள் விரல் வழியாகத்தான் உள்ளே போனது. ஊரார் சண்டையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தன் வீட்டுக்கு ஒரு மனு அடிக்க வேண்டி வரும் என்று மட்டும் அவள் நினைத்ததில்லை.

மகள் ஜெசி பிறந்தது 2004 ஆகஸ்டில். ஏழாம் மாதத்திலேயே எலிசாவின் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டரம்மா ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, "சோத்தைக் கொறைச்சுக்கோம்மா" என்றதோடு சரி. சொந்தமாக நர்சிங் ஹோம் வைத்திருந்தவர், சிரித்துப் பேசுகிறவர், கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவர். எலிசாவும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

வலி கண்ட அன்று மதியம் டாக்டரம்மா வந்து பார்த்தார். இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் ஐந்தரைக்குக் குழந்தையின் தலை வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டது. அந்த அறையில் இருந்தவள் ஒரே ஒரு பெண். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள், நாற்பது வயதிருக்கும். அவள் கத்தியதும், எலிசாவின் முழங்காலை மடக்கிப் பிடித்ததும், பிறகு இரண்டு கையாலும் இழுத்ததும் எலிசாவுக்கு நினைவிருந்தது. குழந்தை நாலு கிலோ முந்நூறு. நீலம் பாரித்துப் பிறந்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதது. அழும்போது இடது கை மட்டும் காற்றில் ஆடியது. வலது கை துவண்டு பக்கத்தில் கிடந்தது.

டாக்டரம்மா ஏழு மணிக்குப் பட்டுப்புடவையில் வந்தார். குழந்தையின் வலது கையைத் தூக்கி விட்டார். அது தொப்பென்று விழுந்தது.

"பொறந்த கொழந்தைக்கு இப்படித்தாம்மா இருக்கும். எண்ணெய் தேய்ச்சு விடு, மூணு மாசத்துல சரியாயிடும்."

மூன்று மாதம் போனது, ஆறு மாதம் போனது. எலிசா எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஜெசி தவழத் தொடங்கியபோது ஒரு கையை ஊன்றி, மறு கையை இழுத்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் போனாள். ஒரு வயதைத் தாண்டிய பிறகுதான் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அங்கிருந்த இளம் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். தலை வந்து தோள் சிக்கியிருக்கிறது, இழுத்ததில் கழுத்துப் பக்கத்து நரம்பு நைந்திருக்கிறது. ஆறு மாதத்துக்குள் வந்திருந்தால் ஆபரேஷனைப் பற்றி யோசித்திருக்கலாம். இனிமேல் பயிற்சிதான். விரலும் முழங்கையும் ஓரளவு வரும், தோளுக்கு மேலே கை தூக்குவது கஷ்டம்.

அன்று எலிசா பஸ்ஸில் அழுதுகொண்டே ஊர் திரும்பினாள். அடுத்த புதன்கிழமையே பயிற்சிக்குக் கிளம்பிவிட்டாள். வாராவாரம் புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டுக் குழந்தையோடு பஸ் ஏறுவாள். கணவன் பிரான்சிஸ் தனியார் பஸ்ஸில் கண்டக்டர், அதனால் அந்தத் தடத்தில் எல்லாரும் தெரிந்தவர்கள். ஒரு புதன்கிழமை கிளியனூர் தாண்டும்போது, பக்கத்து சீட்டுக்காரர் நீட்டிய பிஸ்கட்டை ஜெசி வலது கையால் வாங்கினாள். வாங்கி, கீழே போடாமல் பிடித்துக்கொண்டாள். எலிசா தன்னை மறந்து எழுந்து நின்றாள்.

"பாத்தீங்களா! வாங்கிட்டா! இந்தக் கையால வாங்கிட்டா!"

என்ன ஏதென்று தெரியாமலே பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். பிஸ்கட் கொடுத்தவர் பாக்கெட்டையே குழந்தையிடம் கொடுத்துவிட்டார்.

கேஸ் பேச்சை எடுத்தது கலைப்பிரியா. எலிசாவைவிட ஓரிரண்டு வயது சின்னவள், தொழிலுக்கு வந்து நாலைந்து வருடமான வக்கீல். 2006 ஜூன் கடைசியில் ஒரு மனு அடிக்க வந்தவள், மேசைக்கடியில் மரக்கட்டைகளை அடுக்கி விளையாடிய ஜெசியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவள் முகம் மாறியது.

"அக்கா, இத அவங்ககிட்ட நீங்க கேக்கவே இல்லையா?"

"கேட்டு இன்னா ஆவப்போவுது மேடம்? கை நல்லா வந்தா போதும்."

"கை வர்றதுக்கு நீங்க பாக்கறீங்க. ஏன் போச்சுன்னு அவங்க சொல்லணும் இல்ல? பாப்பாவுக்கு எப்ப பொறந்தநாளு?"

"ஆகஸ்டு பத்தொம்பது. ரெண்டு முடியுது."

கலைப்பிரியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப ஏழு வாரம்தான் இருக்குது. கேளுங்க. நாலு வழி இருக்குது. போலீசுக்குப் போலாம். ஆனா டாக்டர் மேல கேசு போடணும்னா அவங்க மொதல்ல வேற ஒரு டாக்டர்கிட்ட கருத்து வாங்கணும். லேசுல நடக்காது, நடந்தாலும் பாப்பாவுக்கு அதுல ஒண்ணும் வராது. மெடிக்கல் கவுன்சிலுக்கு எழுதலாம். அவங்க விசாரிச்சு டாக்டர் மேல நடவடிக்கை எடுப்பாங்க, நஷ்டஈடு தர மாட்டாங்க. சிவில் கோர்ட்டுல போடலாம். ஸ்டாம்பு கட்டணும், வருஷக் கணக்கா இழுக்கும், அது ஒங்களுக்கே தெரியும். நாலாவது, விழுப்புரத்துல நுகர்வோர் மன்றம். செலவு கம்மி. வக்கீல் இல்லாம நீங்களே நின்னு பேசலாம். ஆனா ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்."

"நுகர்வோர் மன்றமா? அது மிக்ஸி ரிப்பேருக்கு இல்ல போவாங்க?"

"காசு குடுத்துப் பாத்துக்கிட்ட வைத்தியத்துக்கும் போலாம்க்கா. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில சும்மா பாத்திருந்தா இந்த வழி கெடையாது. நீங்க பில்லு கட்டியிருக்கீங்க இல்ல?"

எலிசா மேசை இழுப்பறையைத் திறந்தாள். காகிதங்களோடு பிழைப்பு நடத்துகிறவள் எதையும் தூக்கிப் போடமாட்டாள். நர்சிங் ஹோம் பில், மருந்துச் சீட்டு, டாக்டரம்மா கையெழுத்துப் போட்ட அந்தச் சர்க்கரைச் சீட்டு என்று எல்லாம் ஒரு கோப்பில் வரிசையாக இருந்தன.

"இது போதும், ஆரம்பிக்கலாம்" என்றாள் கலைப்பிரியா.

பிரான்சிஸ் முதலில் சம்மதிக்கவில்லை.

"நாளைக்குக் கொழந்தைக்கு ஜுரம்னா இந்த ஊர்ல யாரு நம்மளப் பாப்பாங்க, சொல்லு. எல்லா டாக்டரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு."

"பாக்கறவங்க பாப்பாங்க. நாளைக்கு ஜெசி பெரிசாயி, ஏம்மா என் கை இப்படி இருக்குதுன்னு கேட்டா நான் இன்னா சொல்றதுங்க? எண்ணெய் தேய்ச்சேன்னா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போனான். மறுநாள் அவனே தபால் நிலையத்துக்குப் போய், பிரசவக் குறிப்புகளின் நகல் கேட்டு எலிசா அடித்திருந்த கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தான்.

மூன்று நாளில் தரவேண்டிய நகல் மூன்று வாரம் கழித்து வந்தது. அதைப் படித்தபோதுதான் எலிசாவுக்கு முதல்முறையாக உண்மையான கோபம் வந்தது. பிரசவம் மாலை ஐந்து நாற்பதுக்கு, டாக்டர் முன்னிலையில், சிக்கலின்றி நடந்தது என்று எழுதியிருந்தது. சர்க்கரை பற்றி ஒரு வரி கூட இல்லை. குழந்தையின் கை பற்றியும் இல்லை.

"டாக்டரம்மா, நர்சிங் ஹோம், அப்புறம் அன்னிக்கு இழுத்தாளே அவ. மூணு பேரையும் எதிர்த்தரப்பா போடுங்க மேடம். அவள மட்டும் விடவே கூடாது. என் கொழந்த கையப் பிடுங்கினவ அவதான்."

"பேரு, விலாசம் வேணும்க்கா."

பெயரை நர்சிங் ஹோம் பக்கத்து மருந்துக்கடைக்காரர் சொன்னார். அஞ்சம்மாள். வேலையை விட்டு வருடம் ஒன்றரை ஆகிறது, சொந்த ஊர் மண்டகப்பட்டு.

ஒரு ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் எலிசாவும் பிரான்சிஸும் ஜெசியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். மண்டகப்பட்டில் குகைக்கோயிலைத் தாண்டிய ஒரு கொல்லைக்காட்டில், மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். நாலைந்து பெண்கள் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். வழியெல்லாம் எலிசா என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று மனசுக்குள் அடித்துத் திருத்தி வைத்திருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அஞ்சம்மாள் எழுந்துவிட்டாள். ஜெசியின் கையைப் பார்த்ததுமே வந்தவர்கள் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மண் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

"எவ்ளோ தூக்குது?" என்று கேட்டாள்.

பிரான்சிஸ்தான் சொன்னான்.

"நெஞ்சு வரைக்கும். பிடிமானம் இருக்குது."

"வெரலு மடங்குதா?"

"மடங்குது."

அஞ்சம்மாள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"பாண்டிச்சேரியில ஏதோ கல்யாண வரவேற்புன்னு போச்சு அந்தம்மா. மூணு தபா போன் போட்டேன். தோ வந்துக்கினே இருக்கேன், வந்துக்கினே இருக்கேன்னுச்சு. நான் நர்சு படிப்பு படிச்சவ இல்ல தங்கச்சி. கூட்டிப் பெருக்க வந்தவ. பாத்துப் பாத்துக் கத்துக்கினேன், அவ்ளோதான். தல வந்து நின்னுபோச்சு, கொழந்த கறுத்துக்கினே போவுது. இழுக்கலன்னா உசுரு போயிடும். இழுத்தேன். உள்ள ஏதோ விட்டாப்புல என் கையில தெரிஞ்சுது. அன்னியிலேர்ந்து எனக்குத் தூக்கமில்ல. ஆறு மாசம் பல்லக் கடிச்சுக்கினு இருந்தேன், அப்புறம் முடியல. இந்த வேலயே வேணாம்னு வந்துட்டேன்."

ஜெசி அப்பாவின் கையை விட்டு இறங்கிப்போய், காய்க் குவியலிலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்தாள். உடைக்கத் தெரியாமல் அஞ்சம்மாளிடம் நீட்டினாள். அஞ்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை உடைத்துக் கொடுத்தாள். எலிசா வரப்பிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இத வந்து சொல்வீங்களா? விழுப்புரத்துல, நீதிபதி முன்னாடி?"

"என்ன உள்ள தள்ளிடுவாங்களா?"

"தெரியல. கேட்டுச் சொல்றேன். ஒங்களுக்குக் கெடுதல்னா நான் கூப்பிட மாட்டேன்."

மறுநாள் எலிசா கேட்டதும் கலைப்பிரியா நன்றாக யோசித்துச் சொன்னாள். நுகர்வோர் மன்றம் யாரையும் சிறைக்கு அனுப்பும் இடமில்லை. படிப்பில்லாத ஆளைப் பிரசவ அறையில் தனியாக விட்டது நர்சிங் ஹோமின் குற்றம்தான். ஆனாலும், "அவங்கள எதிர்த்தரப்புல சேக்கலன்னா, எல்லாத் தப்பையும் அவங்க தலையில தள்ளப் பாப்பாங்கக்கா" என்று எச்சரித்தாள்.

"தள்ளட்டும். அவங்க வந்து பேசட்டும். என் கொழந்தைக்கு உசுரு குடுத்தவங்க பேர நான் அந்த வரிசையில அடிக்க மாட்டேன்."

பன்னிரண்டு பக்க மனுவை எலிசா தானே அடித்தாள். மனுதாரர் என்ற இடத்தில், மைனர் ஜெசி, காப்பாளர் தாயார் எலிசா என்ற வரியை மூன்று முறை திருத்தி அடித்தாள். இரண்டு வருடம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது விழுப்புரத்தில் மனு ஏற்கப்பட்டது.

அதற்குப் பிறகு வாய்தாக்கள். டாக்டரம்மாவின் வக்கீல் சென்னையிலிருந்து வந்தார், பதில் போட அவகாசம் கேட்டார், பிறகு மறுபடியும் கேட்டார். எலிசா அலுத்துக்கொள்ளவில்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஒரு மணி நேரம். வாய்தா முடிந்ததும் ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில் அம்மாவும் மகளும் பூரி தின்பார்கள், ரயில் பார்ப்பார்கள், திரும்பி வருவார்கள். வாய்தா என்றால் பூரி என்றுதான் ஜெசி வெகுநாள் நினைத்திருந்தாள். அவள் இடது கையால் எழுதப் பழகினாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சண்டைக்கும் சிநேகிதத்துக்கும் குறைவில்லை. புதன்கிழமைப் பயிற்சி மாதம் ஒருமுறையாகக் குறைந்தது.

மன்றம் கேட்டுக்கொண்டபடி வேறு ஊர் அரசு மருத்துவர் ஒருவர் காகிதங்களைப் பார்த்துக் கருத்து எழுதினார். சர்க்கரை உள்ள தாய்க்குக் குழந்தை பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும், எடையைக் கணித்திருக்க வேண்டும், பிரசவத்தின்போது தேர்ந்த மருத்துவர் உடனிருந்திருக்க வேண்டும் என்றது அந்தக் கடிதம். தோள் சிக்குவது சில சமயம் யார் பார்த்தாலும் நடக்கக்கூடியதுதான் என்றும் எழுதியிருந்தார். அந்த வரியை எலிசா திரும்பத் திரும்பப் படித்தாள்.

டாக்டரம்மா தரப்பில், பிரசவம் பார்த்தது தாங்கள்தான், அஞ்சம்மாள் என்று யாரும் தங்களிடம் வேலை பார்த்ததே இல்லை என்று பதில் போட்டார்கள். அஞ்சம்மாள் 2009 மார்ச்சில் சாட்சி சொல்ல வந்தாள். வெள்ளையும் பச்சையும் கலந்த புதுப் புடவை, கையில் ஒரு மஞ்சள் பை. எலிசா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"நீங்க அங்க வேலை பார்த்ததுக்கு என்ன ஆதாரம்? சம்பள ரசீது இருக்கா?"

"கையில குடுப்பாங்கய்யா, ரசீதெல்லாம் இல்ல. போட்டோ இருக்குது."

மஞ்சள் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தாள். நர்சிங் ஹோம் வாசலில் ஆயுத பூஜை. பொட்டு வைத்த ஸ்கேன் இயந்திரம், நடுவில் டாக்டரம்மா, அவர் தோளுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டில் அஞ்சம்மாள். கீழ் மூலையில் 2003 அக்டோபர் என்று தேதி விழுந்திருந்தது. படம் நீதிபதியின் கைக்குப் போனது.

கலைப்பிரியா எச்சரித்திருந்த பக்கம் வக்கீல் திரும்பினார்.

"சரி. குழந்தையை இழுத்தது நீங்கதானே?"

"ஆமாங்கய்யா."

"கை போனது நீங்க இழுத்ததாலதானே? அப்போ தப்பு உங்களோடது."

அஞ்சம்மாள் எலிசாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான் இழுத்தேன். எந்தச் சாமி முன்னாடி வேணா சொல்றேன். டாக்டரம்மா பக்கத்துல நின்னுக்கினு இருந்தா நான் ஏன்யா இழுக்கப் போறேன்? படிச்சவங்க வர்ற வரைக்கும் கொழந்த காத்துக்கினு இருக்குமா?"

வக்கீல் மேலும் இரண்டு கேள்வி கேட்டார், உட்கார்ந்தார். கடைசியில் பேச விருப்பமா என்று நீதிபதி எலிசாவைக் கேட்டார். எலிசா எழுந்தாள். நாலு பக்கம் அடித்து வைத்திருந்தாள், அதைத் தொடவில்லை.

"தோள் சிக்கறது யாருக்கும் நடக்கலாம்னு டாக்டர் எழுதியிருக்காருங்க. ஒத்துக்கறேன். ஆனா சிக்கினப்போ அவங்க அங்க இல்ல. கை விழுந்தத கண்ணால பாத்தும் மூணு மாசத்துல சரியாயிடும்னாங்க. அன்னிக்கே நரம்பு டாக்டர்கிட்ட போன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போயிருப்பேன். காயிதத்துல, வந்து பாத்தோம்னு எழுதிட்டாங்க. அதத்தான் நான் கேக்க வந்தேன்."

தீர்ப்பு 2010இல் வந்தது. பிரசவத்தின்போது மருத்துவர் இல்லாததும், பயிற்சியில்லாதவரிடம் விட்டதும், உண்மையை மறைத்துக் குறிப்பு எழுதியதும் சேவைக் குறைபாடு என்று மன்றம் சொன்னது. நஷ்டஈட்டை ஜெசியின் பெயரில் வங்கியில் போட வேண்டும், வைத்தியச் செலவையும் வழக்குச் செலவையும் தனியாகத் தர வேண்டும். எலிசா கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது. டாக்டரம்மா சென்னையில் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போனார். அங்கே கலைப்பிரியா கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வாதாடினாள். 2013இல் மேல்முறையீடு தள்ளுபடியானது.

அன்று ஆணையத்தின் தாழ்வாரத்தில் டாக்டரம்மா எதிரே வந்தார். முடி நரைத்து, நடை தளர்ந்திருந்தது. எலிசா ஒதுங்கி வழிவிட்டாள். அவர் இரண்டடி தள்ளிப்போய் நின்று, திரும்பினார்.

"பொண்ணு எந்த கிளாஸ் படிக்குது?"

"நாலாவதுங்க."

"நல்லா படிக்க வைம்மா" என்றார். படியிறங்கிப் போனார். மன்னிப்புக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்போம் என்று எலிசா பஸ்ஸில் யோசித்தாள். மேல்மருவத்தூர் வரும்போது தூங்கிப்போனாள்.

அடுத்த வருடம், வாடகை ஒப்பந்தம் அடிக்க ஒரு கர்ப்பிணிப் பெண் கடைக்கு வந்தாள். அதே நர்சிங் ஹோமில்தான் பார்க்கிறாளாம்.

"டாக்டர் எந்நேரமும் இருக்காங்களா?" என்று எலிசா சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

"ரெண்டு பேர் மாத்தி மாத்தி இருக்காங்கக்கா. ஒருத்தர் கண்டிப்பா இருப்பாங்க. சுகரு கொஞ்சம் இருக்குதுன்னு எனக்கு வாராவாரம் டெஸ்டு. பேஜாரு பண்றாங்க."

"பண்ணட்டும்மா, பண்ணட்டும்" என்றாள் எலிசா. அந்த ஒப்பந்தத்துக்கு அவள் காசு வாங்கவில்லை. ஏனென்று அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை.

ஜெசிக்குப் பன்னிரண்டு வயதான பிறகு ஒரு சனிக்கிழமை, தீர்ப்பின் நகலையும் மனுவையும் எடுத்து எலிசா அவளிடமே கொடுத்தாள். ஜெசி கடை நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்து முழுவதையும் படித்தாள். அஞ்சம்மாள் பெயர் வந்த இடத்தில், "மல்லாட்டை கொண்டாந்து குடுக்கற நம்ம அஞ்சம்மா பெரியம்மாவா?" என்று கேட்டாள். எலிசா ஆமாம் என்று தலையாட்டினாள். ஜெசி அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தாள். பிறகு மனுவின் எட்டாம் பக்கத்தை விரலால் தட்டினாள்.

"ம்மா, இது இன்னா? 'வலது கையால் எந்த வேலையும் செய்ய இயலாத நிலையில் உள்ளாள்'னு போட்டிருக்க. பொய்யி!"

"அப்ப ஒனக்கு ரெண்டு வயசுடி. அப்ப அதுதான் நெலம."

"நான் ஜட போட்டுக்கறேன், சைக்கிள் ஓட்டறேன், கோ-கோ வெளையாட்டுல எங்க டீமே என்ன நம்பித்தான் இருக்குது. நீதிபதி இன்னா நெனச்சிருப்பாரு என்னப் பத்தி?"

"அவரு ஒன்ன நேர்ல பாத்தாரு. நீ அவரு மேசை மேல இருந்த பேனாவத் தூக்கிக்கினு ஓடின."

ஜெசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எலிசாவும் சிரித்தாள். வலது கை தோளுக்கு மேலே போகாது, குளிரில் வலிக்கும், சட்டை மாட்ட அரை நிமிடம் கூடுதலாகும். அதெல்லாம் இருவருக்கும் தெரியும், பேசவேண்டியதில்லை.

"வெளையாடப் போணும், நேரமாச்சு" என்று காகிதங்களை அம்மாவிடம் நீட்டிவிட்டு ஜெசி சைக்கிளை எடுத்தாள்.

"ஆறு மணிக்குள்ள வந்துடு. அப்பா இன்னிக்கு மீன் வாங்கிக்கினு வர்றாரு."

"சரிம்மா!"

வெயில் தாழ்ந்த தெருவில் அவள் மணியடித்துக்கொண்டே போனாள். கடை வாசலில் ஒருவர் உயில் அடிக்கக் காத்திருந்தார். எலிசா அவரை உள்ளே கூப்பிட்டு, பெயரையும் தகப்பனார் பெயரையும் கேட்டு அடிக்கத் தொடங்கினாள்.